குறட்டை நின்ற நேரம்

1877ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் லண்டன் மருத்துவர் வில்லியம் பிராட்பென்ட் ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட விஷயம் தூக்கம் அல்ல. மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்கள் மூச்சு விடும் விதம். ஆனால் போகிற போக்கில் ஒரு காட்சியை விவரித்திருக்கிறார். வயதான ஒருவர் மல்லாந்து படுத்து உரக்கக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். திடீரென்று குறட்டை நின்றுவிடுகிறது. இரண்டு, மூன்று, நான்கு மூச்சுக்கான நேரம் கழிகிறது, சத்தமே இல்லை. நெஞ்சு மட்டும் எழும்பி எழும்பித் தவிக்கிறது. காற்று உள்ளே போவதில்லை. பிறகு பெரிய செருமலோடு காற்று புகுகிறது, விட்டதைப் பிடிப்பதுபோல் சில ஆழ்ந்த மூச்சுகள் வருகின்றன, மறுபடி குறட்டை. தொண்டையில் உள்ள தடையை மூச்சால் வெல்ல முடியாமல் போவதுதான் காரணம் என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். ஸ்லீப் ஆப்னியா என்று இன்று நாம் சொல்லும் தூக்க மூச்சுத்தடையை இதைவிடத் துல்லியமாகச் சொற்களில் வரைவது கடினம். அப்படியிருந்தும் ஐரோப்பாவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதை ஒரு நோயாகப் பதிவு செய்தது 1965இல்தான். இடையில் 88 ஆண்டுகள் போய்விட்டன. கண் முன்னே நடப்பதை, காதில் விழுவதை, ஒரு பெரிய மருத்துவர் எழுதியே வைத்ததை மருத்துவ உலகம் ஏன் இத்தனை காலம் கண்டுகொள்ளவில்லை? மருத்துவம் பகல் நேரத் தொழிலாக இருந்தது என்பதுதான் என் விடை. நோயாளி விழித்திருக்கும்போது வந்து உட்கார்ந்து சொன்னதைக் கேட்டு, விழித்திருக்கும் உடம்பைத் தொட்டுப் பார்த்து நோயை அறிந்தார்கள். தூங்குகிறவர் பக்கத்தில் ஒருவர் இரவு முழுக்க விழித்திருந்து கவனிக்கத் தொடங்கிய பிறகே தூக்க ஆய்வு என்ற துறை பிறந்தது.

தூக்க நோய்களுக்குப் பெயர் கிடைத்த வரிசையே இதற்கு முதல் சாட்சி. பிராட்பென்ட் எழுதிய மூன்றே ஆண்டுகளில், 1880இல், பிரெஞ்சு மருத்துவர் ழான் பாப்டிஸ்ட் எதுவார் ஜெலினோ 'நார்கோலெப்சி' என்ற பெயரைச் சூட்டினார். அவரிடம் வந்தவர் மதுப் பீப்பாய் வியாபாரம் செய்த 38 வயதுக்காரர். பேச்சுக்கு நடுவே, சாப்பாட்டுக்கு நடுவே, ஒரு நாளில் 200 தடவை வரை அவருக்குத் தூக்கம் வந்து அழுத்தியது. கடையிலும் தெருவிலும் மருத்துவரின் நாற்காலியிலும் நடந்த தூக்கம் அது, ஆகவே அது கண்ணில் பட்டது. 1917இல் வியன்னாவில் கான்ஸ்டான்டின் ஃபான் எகோனோமோ விவரித்த மூளை அழற்சியும் அப்படித்தான்: வாரக்கணக்கில் பகலிலும் எழாமல் கிடந்தவர்களை யாரும் காணாமல் இருக்க முடியாது. நார்கோலெப்சி அரிய நோய். மூச்சுத்தடையோ ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு இருக்கிற நோய். அரியதற்கு முதலில் பெயர் கிடைத்தது, பரவலானது எண்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தது. எத்தனை பேருக்கு ஒரு நோய் இருக்கிறது என்பதைவிட எந்த நேரத்தில் அது வெளிப்படுகிறது என்பதே அதன் வரலாற்றைத் தீர்மானித்திருக்கிறது.

இரவில் யாரும் உட்காராததற்குச் சோம்பலைக் குறை சொல்ல முடியாது. பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை என்ற நம்பிக்கை மிகப் பழையது. கிரேக்கர்கள் தூக்கத்தையும் சாவையும் இரட்டைப் பிள்ளைகள் ஆக்கினார்கள். நம் வள்ளுவரும் நிலையாமையைச் சொல்லும்போது சாவைத் தூக்கத்துக்கும் பிறப்பை விழிப்புக்கும் ஒப்பிட்டார். அறிவியல் வந்தபோதும் இந்த உவமை வேறு உடையில் தொடர்ந்தது. 1935இல் பிரஸ்ஸல்ஸில் ஃபிரெடெரிக் பிரெமர், பூனையின் பெருமூளையைக் கீழிருந்து வரும் புலன் செய்திகளிலிருந்து வெட்டிப் பிரித்தார். பிரிக்கப்பட்ட மூளை தூங்கும் மூளையின் அலைகளைக் காட்டியது. வெளியுலகச் செய்தி நின்றால் மூளை அணைந்துவிடுகிறது, அதுவே தூக்கம் என்பது அன்று பலரும் ஏற்ற முடிவு. எகோனோமோ தம் நோயாளிகளின் மூளைகளை இறப்புக்குப் பின் ஆராய்ந்து, ஹைப்போதலாமஸின் முன்பகுதி கெட்டால் தூக்கம் வராது, பின்பகுதி கெட்டால் தூக்கம் விடாது என்று அதற்கு முன்பே காட்டியிருந்தார். அதாவது தூங்குவதும் மூளை செய்கிற ஒரு வேலை. அந்தக் குரல் அன்று எடுபடவில்லை. விளக்கு அணைந்த அறையில் விடிய விடிய உட்கார்ந்திருக்க யாருக்குத்தான் மனம் வரும்?

மனம் வந்தவர் நதானியேல் கிளைட்மன். 1895இல் அன்றைய ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, இருபது வயதில் நியூயார்க் வந்து சேர்ந்தவர். 1923இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தூக்கத்தின் உடலியங்கியலை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். பெற்ற பின்னும் அந்தப் பொருளை விடவில்லை. வேறு ஆய்வுகளுக்கு நடுவே தூக்கத்தைத் தொட்டுப்போனவர்கள் அதுவரை உண்டு; தூக்கத்தையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர் என்று இவரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தம் உடம்பையே சோதனைக்குக் கொடுத்தார், ஒருமுறை 180 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தார். 1938 கோடையில் கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைக்குள் புரூஸ் ரிச்சர்ட்சன் என்ற மாணவரோடு இறங்கினார். சூரியன் தெரியாது, வெப்பநிலை எப்போதும் 12 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். இரண்டு உயரக் கட்டில்கள், எலி ஏறாமலிருக்க ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு தகர டப்பா. அங்கே 32 நாள் தங்கி 28 மணி நேர நாளுக்கு உடம்பைப் பழக்க முயன்றார்கள்: 19 மணி நேரம் விழிப்பு, 9 மணி நேரம் தூக்கம். இளைஞரான ரிச்சர்ட்சனின் உடல் வெப்பம் புதிய நாளுக்கு ஏற்ப ஏறி இறங்கப் பழகிவிட்டது. 43 வயது கிளைட்மனின் உடம்பு 24 மணி நேரத்தை விட்டுக்கொடுக்கவே இல்லை. பத்திரிகைகள் தாடி வளர்ந்த இருவரின் படத்தைப் போட்டு வியந்தன. இருவரை வைத்து நடந்த சோதனையின் முடிவை அளவுக்கு மீறி நம்பக்கூடாதுதான். ஆனால் தூக்கத்தை அறிய வேண்டுமானால் அது நடக்கும் இடத்தில் அது நடக்கும் நேரம் முழுக்க இருந்தாக வேண்டும் என்ற பழக்கம் அந்தக் குகையில் வேர்விட்டது.

கருவி இல்லாததுதான் தாமதத்துக்குக் காரணம், மனப்பான்மை அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். வலுவான மறுப்பு இது. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தது 1924இல், வெளியிட்டது 1929இல். அதற்கு முன் தூங்கும் மூளைக்குள் எட்டிப்பார்க்க வழியில்லை என்பது உண்மை. ஆனால் மூச்சு நிற்பதைக் கேட்கக் காது போதும். மூடிய இமைக்குள் கண் உருள்வதைப் பார்க்க, தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்த எந்தத் தாய்க்கும் முடியும். கருவி கைக்கு வந்த பிறகும் என்ன நடந்தது என்று பாருங்கள். நியூயார்க்கை அடுத்த டக்சிடோ பார்க்கில் சொந்த ஆய்வுக்கூடம் வைத்திருந்த வங்கியாளர் ஆல்ஃபிரெட் லூமிஸ், பெரிய உருளையில் காகிதம் சுற்றித் தூங்குகிறவர்களின் மின்னலைகளை இரவு முழுக்க எழுதச் செய்தார். 1937இல் அவரும் உடனுழைத்தவர்களும் தூக்கத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். அவர்தான் என் வாதத்துக்கு உண்மையான சங்கடம்: இரவும் விழித்திருந்தார், கருவியும் இருந்தது, இருந்தும் கனவு காணும் தூக்கத்தைத் தவறவிட்டார். அவர் கவனம் மூளை அலைகளில் மட்டும் நின்றது என்பதே விளக்கம். கனவுத் தூக்கத்தின் அலைகள் சின்னவை, வேகமானவை. மேலோட்டமான தூக்கம்போலவே தோற்றம் தருபவை. கண்ணின் அசைவையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் வேறுபாடு புலப்படும். விழித்திருந்தால் மட்டும் போதாது, தூங்குகிறவரை முழு உடம்பாகப் பார்க்க வேண்டும் என்று லூமிஸின் அனுபவம் என் வாதத்தைத் திருத்துகிறது. திருத்தத்தை ஏற்கிறேன்.

அந்த முழுப் பார்வை வந்த வழி விசித்திரமானது. கிளைட்மனிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்த யூஜின் அசரின்ஸ்கிக்குக் கொடுக்கப்பட்ட வேலை, தூங்கப்போகும் கைக்குழந்தைகளின் கண் இமைப்பதைக் கவனிப்பது. அலுப்பான வேலை. மாதக்கணக்கில் செய்தார். குழந்தையின் கண் சில நேரம் அசைவதையும், சுமார் இருபது நிமிடம் அசைவே இல்லாமல் இருப்பதையும் கண்டார். 1951 டிசம்பரில், கட்டடத்தின் அடித்தளத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய பதிவுக் கருவி ஒன்றைச் சரிசெய்து, தம் எட்டு வயது மகனின் தலையிலும் கண்ணோரங்களிலும் மின்முனைகளை ஒட்டிப் படுக்கவைத்தார். ஓர் இரவுக்கு அரை மைல் நீளக் காகிதம் ஓடியது. நள்ளிரவுக்குப் பின் கண் அசைவைக் காட்டும் பேனாக்கள் இடமும் வலமுமாகத் துடித்தன. பையன் விழித்துக்கொண்டான் என்று நினைத்து அறைக்குள் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. கண் மூடியபடி ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். கருவியில் கோளாறோ என்ற சந்தேகம் அவரை நெடுநாள் வாட்டியது. அந்தச் சந்தேகத்தை நான் மதிக்கிறேன். அணைந்த விளக்கு என்று நூற்றாண்டுகள் சொல்லிவந்த இடத்தில் வெளிச்சத்தைக் கண்டவர் முதலில் தம் கண்ணைத்தானே சந்தேகிக்க வேண்டும்? பிறகு பெரியவர்களைப் படுக்கவைத்து நடு இரவில் எழுப்பிக் கேட்டார். கண் துடிக்கும்போது எழுப்பிய 27 தடவையில் 20 தடவை விரிவான கனவைச் சொன்னார்கள். கண் அசையாதபோது எழுப்பிய 23 தடவையில் 19 தடவை எதுவும் நினைவில்லை. 1953 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் அசரின்ஸ்கியும் கிளைட்மனும் வெளியிட்ட கட்டுரை இரண்டு பக்கத்துக்குள் அடங்கியது. விரைவான கண் அசைவுத் தூக்கம், சுருக்கமாக ரெம் தூக்கம், அறிவியலுக்குள் வந்த கதை இதுதான். அசரின்ஸ்கி சிகாகோவை விட்டுப் போய், சால்மன் மீன்கள் மின்சாரத்துக்கு எப்படி நடந்துகொள்கின்றன என்ற ஆய்வில் சேர்ந்துகொண்டார். தாம் திறந்த கதவுக்குள் அவர் அப்போது நுழையாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம் தருகிற விஷயம்.

அதே கூடத்தில் மருத்துவ மாணவராக இருந்த வில்லியம் டிமென்ட் அந்த வேலையைக் கையிலெடுத்தார். ஒரு சில இரவுகளால் எதையும் நிலைநாட்ட முடியாது என்று அவர் அறிந்திருந்தார். 1957இல் அவரும் கிளைட்மனும் வெளியிட்ட ஆய்வு 33 பேரின் 126 இரவுகளைத் தாங்கி நின்றது. தூக்கம் ஒரே இருட்டு அல்ல, சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக இறங்கி ஏறும் ஒழுங்கான பயணம் என்பது அதில் தெளிவானது. இந்த ஆய்வுகளுக்குத் தலைமை தாங்கிய கிளைட்மனின் சொந்தக் கோட்பாடு வேறு திசையில் நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். விளக்கம் தேவைப்படுவது தூக்கத்துக்கு அல்ல, விழிப்புக்குத்தான். விழிப்பு ஓய்ந்தால் மிஞ்சுவது தூக்கம் என்பதே அவர் 1939இல் வெளியிட்ட பெரிய நூலில் எடுத்த நிலை. கோட்பாட்டில் அவர் பழைய கட்சிக்காரர். ஆனால் அவர் கூடத்தின் பழக்கம் அந்தக் கோட்பாட்டைவிட நேர்மையாக இருந்தது; இரவில் கிடைத்ததை அப்படியே எழுதியது. 1959இல் லியோன் நகரில் மிஷேல் ழுவே, கனவுத் தூக்கத்தின்போது பூனையின் மூளை விழிப்பில் இருப்பதுபோல் இயங்க, உடம்பின் தசைகளோ முற்றிலும் தளர்ந்துவிடுவதைக் காட்டி, 'முரண் தூக்கம்' என்று அதற்குப் பெயரிட்டார். அணைந்த விளக்கு என்ற உவமை அதோடு தாங்கவில்லை.

இனிக் குறட்டைக்குத் திரும்பலாம். நம் வீடுகளில் குறட்டை நல்ல தூக்கத்தின் அடையாளம். அசந்து தூங்குகிறார் என்று சொல்லிக் கதவைச் சாத்துவோம். ஆங்கிலேயர் அதை நகைச்சுவையாக்கினார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37இல் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் எந்நேரமும் தூங்கி வழிந்து குறட்டை விடும் ஜோ என்ற பருத்த பையன் வருகிறான். 1956இல் அமெரிக்காவில் சிட்னி பர்வெல் குழுவினர் 'பிக்விக்கியன் நோய்க்குறி' என்று பெயரிட்டது அவனை நினைத்துத்தான். அவர்கள் விவரித்த நோயாளி ஒரு வணிக நிறுவன அதிகாரி, மிகப் பருமனானவர். ஒரு நாள் சீட்டாட்டத்தில் மூன்று ஏஸும் இரண்டு ராஜாவும் கைக்கு வந்தன. போக்கர் ஆடுகிறவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். அவரால் அதை வைத்து ஆட முடியவில்லை, சீட்டைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். அதன் பிறகுதான் மருத்துவமனைக்கு வந்தார். பர்வெல் குழு அவர் ரத்தத்தை அளந்தது, கார்பன் டை ஆக்சைடு மிகுந்திருந்தது. பருமனால் மூச்சு குறைகிறது, தேங்கும் வாயுவால் பகலில் தூக்கம் வருகிறது என்று முடிவு கட்டியது. அவர்களைக் குறைசொல்வது நியாயமல்ல. அளவீடு சரியானது, பருமனால் மூச்சு மந்தமாகும் அந்த நோய் இன்றும் தனியாக இருக்கிறது. ஆனால் பகல் தூக்கத்துக்குக் காரணத்தைப் பகலிலேயே தேடினார்கள். 1965இல் மார்செயில் ஹென்றி கஸ்தோவின் குழுவும், ஃபிரைபர்கில் ரிச்சர்ட் யுங்கும் வொல்ஃப்காங் கூலோவும் இதே வகை நோயாளிகளை இரவு முழுக்கப் பதிவு செய்தார்கள். மூச்சு நிற்கிறது, மூளை ஒரு கணம் விழிக்கிறது, தொண்டை திறக்கிறது, மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு, இப்படி ஓர் இரவில் நூற்றுக்கணக்கான தடவை. அந்த மனிதர்கள் தூங்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பகலில் அவர்கள் தூங்கி விழுந்ததற்கு இரவே காரணம். பிராட்பென்ட் எழுதிய மௌனம் கடைசியில் காகிதத்தில் ஏறியது.

காரணம் தெரிந்ததும் வைத்தியமும் மாறியது. முதலில் அடைப்புக்குக் கீழே கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழிசெய்தார்கள். பலன் உண்டு, ஆனால் கழுத்துத் துளையோடு வாழ்வது எளிதல்ல. 1980இல் சிட்னியில் காலின் சல்லிவன், தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டாரைத் திருப்பிப் பொருத்தி, மூக்கு வழியாக மெல்லிய அழுத்தத்தோடு காற்றைச் செலுத்திப் பார்த்தார். முதலில் முன்வந்தவர் கழுத்தில் துளையிட மறுத்த ஒரு கட்டடத் தொழிலாளி. 1981இல் அதே 'லான்செட்' இதழில் ஐந்து நோயாளிகளின் விவரம் வெளியானது. தொண்டை அடைபடவில்லை, இரவு முழுக்கத் தடையில்லாத தூக்கம் கிடைத்தது. இன்று சி-பேப் என்று வீடுகளில் இருக்கும் கருவியின் மூதாதை அது. ஓர் இரவு பக்கத்தில் நின்று, அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்ததன் பலன்.

இந்த வரலாற்றில் இன்னொரு சாட்சி உண்டு, எந்த ஆய்வுக்கூடமும் சம்பளம் கொடுக்காத சாட்சி. 1980களின் தொடக்கத்தில் மின்னியாபொலிஸில் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் ஆகியோரிடம் வந்த 67 வயதுக்காரர் ஒருவர், கனவில் அமெரிக்கக் கால்பந்து ஆடி எதிராளி மேல் பாய்ந்தார். விழித்தபோது படுக்கையறைச் சாமான்களில் மோதிக்கிடந்தார். கனவுத் தூக்கத்தில் தளர வேண்டிய தசைகள் தளராததே காரணம் என்று இரவுப் பதிவு காட்டியது. ழுவே பல ஆண்டுகளுக்கு முன் மூளைத் தண்டில் ஓர் இடத்தைச் சிதைத்த பூனைகளும் இப்படித்தான் தூக்கத்தில் எழுந்து பாய்ந்தன. 1986இல் இந்த நோயும் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது. பத்து ஆண்டு கழித்து அதே குழு, இந்த நோயுள்ள 29 ஆண்களில் 11 பேருக்குப் பின்னர் பார்க்கின்சன் வகைக் கோளாறு தலைகாட்டியதைத் தெரிவித்தது. கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இரவு அதை அறிந்திருந்தது. இத்தகைய நோயாளிகளில் பெரும்பாலோர் தாமாக மருத்துவரிடம் வருவதில்லை, அடிபட்ட மனைவி அழைத்துவருகிறார். குறட்டைக்கும் அதே கதைதான். கணவனின் மூச்சு நிற்பதைக் கேட்டு, அது திரும்ப வரும்வரை தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த பெண்கள் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டும் என்று மருத்துவத்துக்குத் தோன்றாததும் அந்த 88 ஆண்டுகளின் ஒரு பகுதி.

இரவைப் பார்க்கத் தொடங்கினால் எல்லோரும் நோயாளிகள் ஆகிவிடுவார்கள் என்பது கடைசி மறுப்பு. இதை எளிதாகத் தள்ள முடியாது. 1993இல் டெர்ரி யங் குழுவினர் அமெரிக்காவின் விஸ்கான்சினில் 30 முதல் 60 வயது வரையுள்ள, வேலைக்குப் போகும் 602 பேரின் தூக்கத்தைப் பதிவு செய்தார்கள். மணிக்கு ஐந்தோ அதற்கு மேலோ மூச்சு தடைபட்டவர்கள் ஆண்களில் 24 சதவீதம், பெண்களில் 9 சதவீதம். அதோடு பகல் தூக்கமும் சேர்ந்து வாட்டியவர்கள் ஆண்களில் 4 சதவீதம், பெண்களில் 2 சதவீதம்தான். முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் நான்கு ஆண்களில் ஒருவருக்குக் கருவி மாட்டலாம். இரண்டாவது எண், பொறுமையாக இருங்கள் என்கிறது. ஆனால் இந்த வேறுபாட்டை அறியவும் இரவைப் பார்த்த பிறகு பகலில் அந்த மனிதரிடம் பேச வேண்டியிருந்தது. கருவியின் எண்ணிக்கை தானாக நோய் ஆகிவிடாது. அசரின்ஸ்கியின் பேனாவும் அப்படித்தான், தூங்கியவரை எழுப்பி என்ன கண்டாய் என்று கேட்ட பிறகே அது கனவைக் குறித்தது.

2008இல் டொரன்டோவில் ஃபிரான்சஸ் சுங் என்ற மயக்க மருந்து நிபுணரும் குழுவினரும், அறுவைச் சிகிச்சைக்கு வருகிறவர்களில் மூச்சுத்தடை உள்ளவர்களைக் கண்டறிய 'ஸ்டாப்' என்ற சின்னக் கேள்வித்தாளை உருவாக்கினார்கள். உலகெங்கும் மருத்துவமனைகள் அதை எடுத்துக்கொண்டன. நான்கே கேள்விகள். உரக்கக் குறட்டை விடுவீர்களா, பகலில் களைப்பாக இருக்கிறதா, ரத்த அழுத்தம் உண்டா என்ற மூன்றுக்கும் நோயாளியே யோசித்துப் பதில் சொல்லிவிடலாம். மிச்சமுள்ள ஒன்று, தூக்கத்தில் உங்கள் மூச்சு நின்றதை யாராவது பார்த்திருக்கிறார்களா என்பது. அந்தக் கேள்வி வந்ததும் தாளைப் பிடித்திருப்பவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைத் திரும்பிப் பார்க்கிறார். தனியாக வந்தவர் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறார்.